சாவா மூவாப் பேராடு தொண்ணூறு

அந்தத் தொண்ணூறு ஆடுகளும் வந்து சேர்ந்தது ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, பால் கறக்கிற நேரத்தில், வானம் வெளுத்தும் வெளுக்காமலும் இருந்தபோது. எங்கிருந்து வந்தன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எப்படி வந்தன என்று கேட்டால் நடந்து வந்தன என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளம்புகளில் சேறு இருந்தது. தேசம்மாவுக்குச் சொந்தமாக இருந்தவை பதினோரு ஆடுகள். முதல் நாள் பொழுது சாய முள்படலைச் சாத்திக் கட்டிவிட்டுப் போனவள், காலையில் சொம்பும் கையுமாக வந்து பார்த்தால் பட்டி புடைத்துக்கொண்டு நின்றது. அவள் அலறவில்லை. ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு முதலில் எண்ணத்தான் தோன்றும்; எண்ணினாள். நூற்றொன்று. தன்னுடைய பதினொன்றையும் காதைப் பிடித்து ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ணினாள். தொண்ணூறு. புதிதாக வந்த ஒவ்வொன்றின் வலது காதிலும் சூலக்குறி சுட்டிருந்தது. "வந்ததுதான் வந்தீங்க, இன்னும் ஒரு பத்தக் கூட்டிக்கினு வந்திருந்தா நூறாயிருக்குமே" என்று அலுத்துக்கொண்டு, மடி கனத்து நின்ற முதல் ஆட்டின் பக்கத்தில் குந்திக் கறக்க ஆரம்பித்தாள்.

தேசம்மா இருந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே நடந்தது ஒன்றும் விளங்காது. ஊர் ஒன்றுதான், பேர் அல்லிக்கரணை. ஒரு காலத்தில் அது ஜயங்கொண்ட சோழமண்டலத்தைச் சேர்ந்தது. தொண்டைநாட்டைப் பிடித்த சோழன் அதற்கு வைத்த புதுப்பேர் அது, அவனுக்குப் பேர் வைப்பதில் அவ்வளவு ஆசை. மண்டலத்துக்குள்ளே இருபத்துநான்கு கோட்டம், அதில் ஒன்று குன்றவர்த்தனக் கோட்டம், அந்தக் கோட்டத்துக்குள்ளே இந்த ஊர். சோழனுக்குப் பிறகு சம்புவராயன் வந்தான், விஜயநகரத்தான் வந்து சந்திரகிரி ராஜ்யம் என்றான், நவாபு வந்து ஆற்காட்டுச் சுபா என்றான், கும்பினிக்காரன் வந்து ஜில்லா என்றான். வந்தவன் எல்லாம் வரி கேட்டான், பேரை மாற்றினான், போய்விட்டான், ஒருத்தனும் ஊரை வெட்டவில்லை. வெட்டியது நம்மவர்கள்தான். அறுபதாம் வருஷம் இந்த வீட்டில் எந்த மொழி, அந்த வீட்டில் எந்த மொழி என்று விசாரித்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் இரண்டும் பேசுகிற ஜனங்கள் எதைச் சொல்வது என்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே, எல்லைக்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். கோயிலும் பெரிய தெருவும் பஸ் நிற்கிற இடமும் தமிழ்நாட்டுக்கு. மலையும் மேய்ச்சலும் ஆட்டுக்காரர் குடிசைகளும் ஆந்திராவுக்கு. சாமி இந்தப் பக்கம், சாமிக்கு விட்ட புல் அந்தப் பக்கம். தேசம்மா அந்தப் பக்கத்துக்காரி. அவள் ரேஷன் கார்டு தெலுங்கில் இருந்தது, வசவு தமிழில் இருந்தது, ஆடுகளைக் கூப்பிடுவது இரண்டிலும் சேராத ஒரு சத்தத்தில்.

பால் கறந்து முடிந்ததும் அவளுடைய பதினொன்றும் வழக்கம்போல மலைப்பக்கம் திரும்பின. தொண்ணூறும் தெற்கே திரும்பின. ஓட்டாமலே போயின, அதட்டினால் நிற்கவில்லை. எல்லைக்கல்லைத் தாண்டி, செக்போஸ்ட்டைத் தாண்டி, பெரிய தெருவுக்குள் நுழைந்து, தெருக்கோடியில் இருந்த சிவன் கோயிலைச் சுற்றி வளைத்து நின்றுகொண்டு, உச்சி வெயிலில் ஒரே குரலாகக் கத்த ஆரம்பித்தன. பின்னாலேயே ஓடி வந்த தேசம்மா தெருமுனையில் நின்றுவிட்டாள். அந்தத் தெருவில் அவள் கால் வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கோயிலை ஒட்டின வீடு சம்பூரணத்தின் வீடு. சம்பூரணத்துக்கு ஒரே மகன் வேதாசலம்; தேசம்மாவுக்கு ஒரே மகன் முனிரத்தினம். எல்லைக்கல்லைப் பற்றிக் கவலைப்படாத இரண்டு பிள்ளைகள், ஒரே பஸ், ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே டிராக்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், கரும்பு ஏற்றுகிற இடத்தில், வேதாசலத்தின் செருப்பு ஒன்று டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கழன்று கிடந்தது. அதை எடுக்க அவன் குனிந்தான். அவன் குனிந்தது தெரியாமல் முனிரத்தினம் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். அவ்வளவுதான். போலீசும் கோர்ட்டும் வேண்டுமென்று செய்ததல்ல என்று சொல்லி அவனை விட்டுவிட்டார்கள், ஆனால் அவன் தன்னை விடவில்லை. குஜராத்தில் ஓடு சுடுகிற ஊருக்குப் போய்ச் சூளைக்கு முன்னால் நின்றுகொண்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவான். வாடா என்றால், "சம்பூரணம் பெரியம்மா வாயத் தொறந்து வான்னு சொன்னா வரேம்மா, அது வரைக்கும் கேக்காத" என்பான். சம்பூரணமோ வாயைத் திறக்கவே இல்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தேசம்மாவுக்கு ஆறியிருக்கும். திட்டாதவளிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அதனால் பஸ் பிடிக்க வேண்டுமென்றால்கூட ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பழகியிருந்தாள். மகன் வீடு திரும்ப வேண்டும். அதற்கு ஒருத்தி வாய் திறக்க வேண்டும். இதற்கு மேல் அவளுக்கு வாழ்க்கையில் வேறு வேண்டுதல் இல்லை.

ஆடுகள் கத்திக்கொண்டிருந்தபோது, மூன்று ஊர்க் கோயில்களுக்கு ஒரே மொபெட்டில் ஓடிக்கொண்டிருந்த குருக்கள் வந்து சேர்ந்தார். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவர் அந்தக் கோயில் சுவரைக் காட்டி, 'ஒரு விளக்கு எரிய ஆடு தொண்ணூறு விட்டதாக இங்கே எழுதியிருக்கு, அவை சாவா மூவாப் பேராடாம், சாகவும் சாகாதாம், கிழடும் தட்டாதாம், மீதியெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது' என்று சொல்லுவது வழக்கம். இப்போது வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஆடுகளை ஒரு நோட்டம் பார்த்து, "வந்துடுத்தா?" என்றார், தாமதமாக வந்த பஸ்ஸைப் பார்த்துக் கேட்பதுபோல. பிறகு தெருமுனையில் நின்றவளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "தேசம்மா, தெனம் ஒரு ஒழக்கு நெய். அதத்தான் கேக்கறதுகள்."

பாலைத் தோய்த்து, தயிரைக் கடைந்து, வெண்ணெயை உருக்கி இறக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் உச்சிவேளை ஆனால் தொண்ணூறும் கோயிலைச் சுற்றிக் கத்தின, இரண்டு மாநிலத்திலும் ஒருவரும் கண்ணயர முடியவில்லை. மூன்றாம் நாள் தேசம்மா நெய்ச்சொம்போடு புறப்பட்டாள். கோயில் சாவி சம்பூரணத்திடம் இருந்தது. குருக்கள் வந்து பூசை பண்ணிவிட்டுப் போய்விடுவார். பெருக்குவது, திறப்பது, விளக்குப் போடுவது எல்லாம் சம்பூரணம்தான். ஆகவே அந்த நெய்யை வேறு யார் கையிலும் கொடுக்க முடியாது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆடுகளுக்கு நடுவில் புகுந்து, அவற்றின் முதுகுகளை மட்டும் பார்த்துக்கொண்டு தேசம்மா அந்தத் தெருவை நடந்து கடந்தாள். கோயில் வாசற்படியில் சம்பூரணம் நின்றிருந்தாள். தேசம்மா சொம்பைப் படியில் வைத்தாள். சம்பூரணம் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஊற்றி, விளக்கை ஏற்றி, காலிச் சொம்பைப் படியில் கவிழ்த்து வைத்தாள். ஆடுகள் வாயை மூடிக்கொண்டன. இப்படி மறுநாளும், அதற்கு மறுநாளும், மாதக்கணக்கிலும் நடந்தது. ஒருத்தி வைப்பாள், ஒருத்தி எடுப்பாள், நடுவில் ஒரு வார்த்தை கிடையாது.

மற்றபடி ஊருக்கு ஆடுகள் பழகிப்போவதற்கு ஒரு மாதம்கூடப் பிடிக்கவில்லை. செக்போஸ்ட்டில் முதல் வாரம் தகராறு பண்ணினார்கள். கால்நடை எல்லை தாண்டினால் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும், தினம் தாண்டினால் தினம் வேண்டும் என்றார்கள், கட்டையை இறக்கினார்கள். ஆடுகள் கட்டைக்கு அடியில் நுழைந்து போயின, தேசம்மாதான் குனிய வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பிளை தினம் இரண்டு தரம் குனிந்து நிமிர்வதைப் பார்க்கச் சகியாமல் பத்தாம் நாள் அவர்களே கட்டையைத் தூக்கிவிட்டார்கள். இரண்டு மாநிலத்து மாட்டு டாக்டர்களும் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து வயது எழுதிக்கொண்டு போனார்கள், ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் அதே பல், அதே வயது, மயிர்கூட ஒரு விரற்கடை நீளவில்லை. கூட்டத்தில் குட்டி ஒன்று இருந்தது. ஆயிரம் வருஷம் குட்டியாகவே இருந்து சலித்துப்போன குட்டி, யார் தூக்கினாலும் சலிப்போடு தோளில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். இன்சூரன்ஸ்காரர் ஒருவர் ஆர்வமாக வந்து, படிவத்தை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்.

கறிக்கடை மஸ்தான் பாயிடம், ஒன்றைப் பிடித்துப் பாரேன் என்று நாலு பேர் உசுப்பிவிட்டார்கள். அவர் ஒரு கிடாவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "நமக்கு வேணாம்பா" என்றார். "வெட்டுனா எந்திரிச்சி நின்னு, எடையச் சரியாப் போடு பாய்னு கேக்கும்." கெங்கையம்மன் ஜாத்திரையின்போது ஆந்திராப் பக்கத்து இளவட்டங்கள் மட்டும் கேட்கவில்லை. ஒரு கிடாவுக்கு மாலை போட்டு அம்மன் முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் பட்டு ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் அம்மனுக்குச் சம்மதம், அதற்குப் பிறகுதான் கத்தி; அது அந்த வட்டாரத்து முறை. கிடா சிலுப்பவில்லை. ஒரு சொம்பு, ஒரு குடம், பிறகு ஒரு டேங்கர் தண்ணீரே காலியானது. பூசாரிக்கு ஜலதோஷம் பிடித்தது, இளவட்டங்கள் தெப்பமாக நனைந்து வெடவெடவென்று சிலுப்பிக்கொண்டார்கள், கிடா மாலையைத் தின்றுகொண்டு நின்றது. அந்த வருஷம் அம்மனுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள், அம்மனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு இரண்டு அரசாங்கமும் கூடிப் பேசி, ஆளுக்கு நாற்பத்தைந்து என்று பாகம் பிரிக்கத் தீர்மானித்தன. தமிழ்நாட்டுப் பங்கை லாரியில் ஏற்றினார்கள். லாரி திருத்தணி போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது உள்ளே புழுக்கையும் கொஞ்சம் ரோமமும் இருந்தன. தேசம்மாவின் பட்டியில் தொண்ணூறும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஏற்றியது நாற்பத்தைந்து, இறக்கியது ஒன்றுமில்லை, நஷ்டமும் ஒன்றுமில்லை என்று ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

நெய் கொடுத்த பிறகு சாயங்காலம் வரைக்கும் ஆடுகள் மேய்ந்தன, தேசம்மா பின்னால் நடந்தாள். அவை மேய்ந்த வழியே ஒரு தினுசு. ஒரு நாள் வடக்கே நகரிப்பக்கம், ஒரு நாள் தெற்கே, எங்கே போனாலும் ஏதோ ஓர் ஓடையோ புளியமரமோ வந்ததும் எவரோ கையைப் பிடித்து நிறுத்தியதுபோல நின்று திரும்பிவிடும். குன்றவர்த்தனக் கோட்டத்தின் ஓரம் அதுதான் என்று பிற்பாடு படித்தவர்கள் சொன்னார்கள். தேசம்மாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் ஒரு பழைய மண்டலத்தின் மூலையொன்றை அவள் காலாலேயே படித்துவிட்டாள். போர்டில் தெலுங்கு எழுதிய ஊரிலும் தமிழ் எழுதிய ஊரிலும் அதே ஏழு கன்னிமார், அதே கூழ், அதே மாதிரி முறுக்கிக் கட்டிய கொண்டை. அவளை நிறுத்தி மோர் கொடுத்து, 'அல்லிக்கரணையா, எங்க பெரியத்தையை அங்கதான் குடுத்தாங்க, கல்லு நட்ட பின்னாடி போக்குவரத்தே இல்லாமப் போச்சு' என்று சொல்லாத ஊரே இல்லை. அப்படி விட்டுப்போன அத்தைகளும் மாமன்களும் ஆடுகளைச் சாக்காக வைத்து ஒவ்வொருவராய் உச்சிவேளை விளக்குக்கு வர ஆரம்பித்தார்கள். தெருவில் கடலை விற்றார்கள், சம்பந்தம் பேசினார்கள், பழைய சண்டைகளைத் தேடி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். கூட்டம் நடுவே தேசம்மாவும் சம்பூரணமும் மட்டும் பேசாமல் சொம்பை வைத்தும் எடுத்தும் கொண்டிருந்தார்கள்.

இடையில் ஒரு நாள், கோயில் திருப்பத்தில் ஒரு மணல் லாரி வேகமாக வந்து ஓர் ஆட்டின் மேல் ஏறி இறங்கியது. டிரைவர் குதித்து ஓடிவந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆடு எழுந்தது, தூசியை உதறியது, அவர் பக்கத்தில் போய் நின்று அவர் சட்டைப்பையை மோந்தது. தெருவே சிரித்தது. தேசம்மாவும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அப்போது படியில் நின்ற சம்பூரணம் அந்த லாரிச் சக்கரத்தையும் எழுந்து நிற்கிற ஆட்டையும் மாறிமாறிப் பார்ப்பதைக் கண்டாள். சம்பூரணம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாகாத வரத்தைக் கொண்டுபோய் ஆட்டுக்குக் கொடுத்தாயே, அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் கொடுத்திருக்கக் கூடாதா என்று, யாரைக் கேட்பது என்று தெரியாமல் தேசம்மா மலையைப் பார்த்துக் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணினான்.

"ஏம்மா, ஆடுங்க நல்லா கீதா?" என்றான் முனிரத்தினம்.

"அதுங்களுக்கு இன்னாடா, நல்லாதான் கீதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆடுகளுக்குச் சுண்ணாம்பு என்றால் பிரியம். கோயிலைச் சுற்றி நிற்கிற நேரமெல்லாம் அவை சுவரை நக்கிக்கொண்டிருந்தன; தை மாதம் பிறப்பதற்குள், தலைமுறை தலைமுறையாக மேலுக்கு மேல் அடித்திருந்த வெள்ளை எல்லாம் தொண்ணூறு நாக்குகளுக்குக் கரைந்து, அடியில் இருந்த எழுத்து பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்த சுலோச்சனா டீச்சரைத் திருத்தணியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாநிலத்து ஜனமும் கூடியிருந்தது. டீச்சர் எழுத்துத் துலங்கக் கல்லில் மாவைத் தடவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்லோடு மூக்கை ஒட்டி வைத்து எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"ஜயங்கொண்ட சோழமண்டலத்துக் குன்றவர்த்தனக் கோட்டத்து அல்லிக்கரணை... இவ்வூர் வேட்டுவன் சாத்தன் பன்றி மேல் எய்த அம்பு தப்பி, இவ்வூர்க் காரி மேல் பட்டு, காரி செத்தமையில், நாட்டார் கூடி, இவன் வேண்டிச் செய்தானல்லன், இவன் சாவ வேண்டா, காரிக்காகத் திருநுந்தா விளக்கு ஒன்று வைப்பானாக என்று சொல்ல, சாத்தன் விட்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூறு. இவ்வாடு கைக்கொண்ட மன்றாடி நிசதம் உழக்கு நெய் சந்திராதித்தர் உள்ளவரை அட்டுவான்."

"இன்னா டீச்சர் அது, நம்ம பாசையில சொல்லு" என்றார் மஸ்தான் பாய்.

டீச்சர் சொன்னார். "சாத்தன்னு ஒருத்தன் பன்னி மேல அம்பு விட்டான். அது தப்பிப்போயி காரின்னு ஒருத்தன் மேல பட்டு அவன் செத்துட்டான். நாட்டு ஜனம் எல்லாம் கூடிச்சு. தெரியாமச் செஞ்சவன், அவனும் சாக வேணாம், செத்தவன் பேரால ஒரு விளக்கு எப்பவும் அணையாம எரியட்டும்னு சொன்னாங்க. அதுக்கு அவன் விட்டதுதான் இந்த ஆடு. இத வாங்கி மேய்க்கிறவங்க சூரியன் சந்திரன் இருக்கற வரைக்கும் தெனம் ஒரு ஒழக்கு நெய் ஊத்தணும்."

ஒருவரும் தேசம்மாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காலத்து நாட்டார் சொல்லிவிட்டுப் போனதை எடுத்து இந்தக் காலத்துத் தாய்க்கு நியாயம் சொல்ல யாருக்கும் துணிவில்லை, அந்த மட்டுக்கு நல்ல ஜனங்கள். தேசம்மா ஓர் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போது படியிலிருந்து இறங்கி வந்த சம்பூரணம், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நாலு பேர் கேட்க வாயைத் திறந்தாள்.

"டீச்சர், அந்தக் காரியோட அம்மா இன்னா சொன்னாளாம்? அது எழுதிக்கீதா?"

டீச்சர் மறுபடி கல்லைப் பார்த்தார், முதலிலிருந்து கடைசிவரை விரலை ஓட்டினார். "இல்லம்மா" என்றார். "நாட்டார் சொன்னது இருக்கு. ஆடு விட்டவன் பேர் இருக்கு. அந்தம்மா பேர்கூட இல்ல."

சம்பூரணம் எழுத்து முடிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதற்கு அப்பால் கல் வெறுமையாக இருந்தது. "இவ்ளோ எடம் கீது" என்றாள். "ஒரு வரி எழுதியிருக்கலாம்." பிறகு தேசம்மா வைத்த சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கூட்டம் கலைந்து போயிற்று.

மறுநாள் உச்சிவேளையில் தேசம்மா படியில் சொம்பை வைக்கக் குனிந்தபோது, ஒரு கை வந்து அதை வழியிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க கீறான் அவன்?" என்றாள் சம்பூரணம்.

"குஜராத்துலக்கா. ஓடு சுடற எடத்துல."

"ஆறு வருசமாவா?"

"ஆறு வருசமா."

"கல்யாணம் கில்யாணம்?"

"இல்லக்கா. எதுவும் வேணான்றான்."

சம்பூரணம் சொன்னாள்: "வரச்சொல்லு. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிக்கினு கூப்புடாத, அது எனக்கு இன்னும் வரல, வருமோ வராதோ தெரியாது. அவன் வந்து இந்த நெய்யக் கொண்டாரட்டும். தெனம் என் கையில குடுக்கட்டும். எங்கயோ கண்ணு காணாத ஊர்ல போயி அவன் ஒளிஞ்சிக்கினா, என் புள்ளயப் பத்திப் பேசறதுக்கு எனக்கு யார் கீறாங்க? அவங்கூடச் சுத்துனவன் இவன் ஒருத்தன்தான."

தேசம்மா சொம்பை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பூரணம் இழுத்துக்கொள்ளவில்லை, நெய் பாதி படியில் கொட்டியது, குட்டி வந்து அதை நக்கித் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யார் காத்திருப்பது? செக்போஸ்ட்டிலேயே நின்று, அங்கிருந்தவர் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டு, சொன்னதைச் சொன்னபடியே, மன்னிப்பு இன்னும் வரல என்பதையும் விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் சூளை இரைந்துகொண்டிருந்தது. "சரிம்மா, வரேன்" என்றான்.

ஐந்தாம் நாள் வந்தான். கறுத்து, ஒடுங்கி, முன்னந்தலையில் முடி கொட்டிப்போய், முப்பது வயதில் ஐம்பது வயது ஆளாக வந்து இறங்கினான். ஆடுகள் அவனை மோந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன. மறுநாளுக்கான நெய்யைத் தானே காய்ச்சுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஆறு வருஷம் சூளைத் தீயைப் பார்த்தவனுக்கு அடுப்புத் தீ பிடிபடவில்லை, வெண்ணெய் கருகிவிட்டது. வேறு காய்ச்ச நேரமில்லை. தொண்ணூறும் தெற்கே திரும்பிவிட்டன. அவற்றுக்கு நடுவே சொம்பைத் தூக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவன் பெரிய தெருவில் நடந்தான், தேசம்மா பத்தடி பின்னால் வந்தாள். தெருவில் இருந்தவர்கள் ஏதோ வேலை இருப்பதுபோல வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

சம்பூரணம் படியில் நின்றிருந்தாள். முனிரத்தினம் சொம்பை நீட்டினான். அவள் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"தீச்சிட்டியேடா" என்றாள். "நாளைக்குச் சடசடப்பு அடங்கறதுக்கு முன்னாடியே எறக்கிடு."

"சரி பெரிம்மா."

அவள் உள்ளே போய் ஊற்றினாள். கருகிய நெய்யிலும் விளக்கு எரிந்தது. திரும்பி வந்து காலிச் சொம்பைக் கொடுத்தாள், கொடுத்த பிறகும் உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டா" என்றாள். "தெனம் பஸ்ஸுல ரெண்டு பேரும் கடைசி சீட்டுல குந்திக்கினு வருவீங்களே. எறங்கறப்போ ரெண்டு பேருக்கும் சிரிச்சிச் சிரிச்சி மூஞ்சி செவந்து கெடக்கும். இன்னான்னு கேட்டா எங்கிட்டச் சொல்லவே மாட்டான். அப்படி இன்னாதான் பேசுவான் அவன்?"

முனிரத்தினம் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு படியில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். அவன் சொல்ல ஆரம்பித்தான்.

ஆடுகள் மேய்ச்சலுக்குத் திரும்பிவிட்டன. தேசம்மா அவனைக் கூப்பிடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்ணூறையும் ஓட்டிக்கொண்டு அவள் மட்டும் முன்னால் நடந்தாள். அவன் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.